முந்நூற்றுப் பன்னிரண்டு பர்சென்ட்

அடிப்பதில் பேர் வாங்கியவர்களுக்கு ராயபுரத்தில் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு குத்துச்சண்டை வீரர் உண்டு. அவர் பேரைச் சொல்லி டீ குடிக்கிற சிஷ்யர்கள் பத்துப் பேர் உண்டு. ஆனால் அடி வாங்குவதை ஓர் அறிவியலாக எடுத்துக்கொண்டு, முறைப்படி சோதித்து, முடிவுகளைத் தேதிவாரியாக எழுதி வைத்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அவருக்கு இதுவரை யாரும் கட்-அவுட் வைக்கவில்லை. ஊர் செய்யத் தவறியதை எழுத்தாவது செய்யட்டும்.

பெயர் சின்னப்பையன். ஏமாற வேண்டாம், ஆராய்ச்சி தொடங்கிய இரண்டாயிரமாவது ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்து மூன்று, மீசையில் நரை. பிறந்தபோது வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரியபையன் இருந்ததால், பெற்றோர் பெயருக்காக மூளையைச் செலவழிக்கவில்லை. கல்வி: பத்தாம் வகுப்பு, கணக்கில் முப்பத்தொன்று. விடாமுயற்சியோடு மறுபடி எழுதியதில் இருபத்தெட்டு. வாத்தியார் அந்த எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் இழுத்த கோடு, தாளைக் கிழித்து அடுத்த பக்கம் வரை போனது. சின்னப்பையன் கடலுக்குப் போய்விட்டார். அங்கே யாரிடமும் சிவப்பு மை இல்லை.

தொழில், லாஞ்ச் கலாசி. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நின்றாலும் அவற்றில் இருப்பவர்களுக்குப் பசிக்கும். கோஸ், வெங்காயம், கோழி, குடிதண்ணீர் எல்லாவற்றையும் லாஞ்ச் என்கிற விசைப்படகில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுக்கானைப் பிடிப்பவர் ஸ்ராங்கு செல்வநாதன். கப்பலின் விலாவில் தொங்கும் நூலேணியைத் தாவிப் பிடித்து, முப்பதடி ஏறி, மேலே நின்று மூட்டைகளைக் கயிற்றில் இழுப்பவர் சின்னப்பையன். இருபது வருஷம் ஏறினார். மாடிப்படி ஏறுகிறவன் மாடிப்படியை நினைப்பதில்லை. அவரும் ஏணியை நினைத்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஜப்பான் சரக்குக் கப்பல் வந்தது. அதன் சமையற்கட்டில் வேலை செய்த நெஸ்டர் என்கிற பிலிப்பைன்ஸ்காரர் சின்னப்பையனுக்கு ஏற்கெனவே பழக்கம். போன தடவை வந்தபோது பெயருக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அன்றிலிருந்து மேல்தட்டில் நின்று "ஸ்மால் பாய்!" என்று கத்துவார். சின்னப்பையனும் கீழேயிருந்து கையாட்டுவார். சிநேகிதம் அவ்வளவுதான்.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் கோபமாக இருந்தது. பாதி ஏணியில் இருக்கும்போது அலை கப்பலைச் சாய்க்க, ஏணி விலகி ஊஞ்சலாடியது. சின்னப்பையன் செய்த ஒரே தப்பு, ஏணியோடு மல்லுக்கு நின்றது. அது ஒரு பக்கம் போக, இவர் மறுபக்கம் இழுத்தார். ஏணி திரும்பி வந்து அவரை இரும்பு வயிற்றில் ஓங்கி அறைந்தது. கப்பல் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று காட்டுவதற்காக, அதன் அடிப்பாகத்துச் சிவப்புச் சாயத்தின் மேல் வெள்ளையில் எண்கள் எழுதியிருப்பார்கள். கை நழுவும்போது அவர் கண்ணுக்கு நேரே இருந்தது அவற்றில் ஆறு என்ற எண். லாஞ்சின் விளிம்பில் தொடை மோதித் தண்ணீருக்குள் போனார். மேலேயிருந்து மிதவை வளையத்தை வீசியவர் நெஸ்டர்.

தொடையெலும்பில் ஒரு பிளேட்டும் ஏழு திருகாணியும் வைத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் செல்வநாதன் ஓர் அட்டைப் பெட்டியோடு ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தார்.

"இன்னாணா இது, டேப் ரிகார்டரா?"

"எனக்கு இன்னா தெரியும்? அந்தச் சமையல்காரன் கயித்துல கட்டி எறக்கினான். ஸ்மால் பாய், ஸ்மால் பாய்னு தொண்டை கிழிய கத்தறான். கப்பலு கெளம்பிடுச்சு."

உள்ளே ஒரு வீடியோ கேம் மிஷினும், குச்சியும் பட்டன்களும் வைத்த இரண்டு பிடியும், ஜப்பான் எழுத்து ஒட்டிய ஒரே ஒரு கேசட்டும் இருந்தன. சிகரெட் அட்டையில் ஒரு சீட்டு: 'சாரி ஸ்மால் பாய்.'

இந்தச் சீட்டு சின்னப்பையனைப் பல நாள் தூங்கவிடவில்லை. விழுந்தது அவர். தப்பும் அவருடையது. காப்பாற்றியது நெஸ்டர். கடைசியில் சாரியும் நெஸ்டரே சொல்கிறார். முப்பத்தொன்று எடுத்தவருக்குப் போடக்கூடிய கணக்கா இது? ஒன்று மட்டும் விளங்கியது. இதற்கு நேரில் தேங்க்ஸ் சொல்லியாக வேண்டும். அதற்கு அந்தக் கப்பல் திரும்பி வர வேண்டும். வந்தால், ஏணி ஏற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கால் கூடிவிட்டது. "முன்னைவிட ஸ்ட்ராங்கு, உள்ள இரும்பு கீது இல்ல" என்று டாக்டரின் கம்பவுண்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நாள் கூடத்து பல்பை மாற்ற ஒன்றரை அடி ஸ்டூலில் கால் வைத்தவருக்கு உள்ளங்கை வியர்த்து, கண்ணுக்கு முன்னால் அந்த வெள்ளை எண் வந்து நின்றது. இறங்கிவிட்டார். அவருடைய மனைவி முத்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் தானே ஏறி பல்பை மாட்டினாள். அவள் வாயை ஊரே அறியும்; அவள் வாய் திறக்காத அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் அவளுக்கு ஆயுசுக்கும் நன்றியுள்ளவரானார்.

மிஷினை மாட்டிக் கொடுத்தவன் மாடிவீட்டு திலீப், டிவி மெக்கானிக். "நூத்திப் பத்து வோல்ட்டுணா இது. நம்ம கரெண்ட்ல சொருகினா சொர்க்கத்துக்குப் போய்டும்" என்று பர்மா பஜாரிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்து இணைத்தான். படம் வந்தது. கருப்பு வெள்ளையில் வந்தது.

முத்தம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. "இன்னாடா இது? எங்கப்பா வூட்ல குடுத்த கலர் டிவிடா அது!"

"டிவி மேல தப்பு இல்லக்கா. ஜப்பான்காரன் கலரு வேற ரூட்டு. நம்ம டிவிக்கு அது புரியாது."

"உதை வாங்கறதுக்குக் கலரு எதுக்கும்மே?" என்றார் சின்னப்பையன். பின்னால் இந்த வாக்கியத்தை அவரே வாபஸ் வாங்க நேர்ந்தது.

ஆட்டம் இதுதான். வானத்தில் ஒரு மேடை மிதக்கிறது. அதன்மேல் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்கின்றன. அடி வாங்கியது பறக்கும். மேடைக்குத் திரும்பி வந்தால் பிழைத்தது, வராவிட்டால் பாதாளம். சின்னப்பையன் எடுத்துக்கொண்டது உருண்டையான ஒரு கரடி. பார்த்ததும் முத்தம்மா அதற்குப் புளிமூட்டை என்று பெயர் வைத்தாள். திரையின் அடியில் ஒவ்வொரு பொம்மைக்கும் கீழே ஓர் எண், பக்கத்தில் பர்சென்ட் குறி. அடி விழ விழ எண் ஏறியது. விழுந்து செத்தால் சைபர்.

"இன்னாடா பர்சென்ட்டு போட்டுகீது?"

"மார்க்குணா" என்றான் திலீப். அவன் பாலிடெக்னிக் படித்தவன். சில பாடங்கள் இன்னும் பாக்கி என்றாலும், அந்த பிளாக்கில் பர்சென்ட் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவனைவிட்டால் ஆளில்லை. "பாரு, அடி வாங்க வாங்க ஏறுது. செத்தா பெயிலு. அப்போ எத்தினி அடி வாங்கினாலும் வுழாம நிக்கறவனுக்குத்தான் மார்க்கு."

உலகத்தின் மற்ற பகுதிகளில் இதை வேறு மாதிரி விளையாடினார்களாம். ராயபுரத்தில் இந்த விதி யாருக்கும் வினோதமாகப் படவில்லை. அங்கே வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் புளிமூட்டை நூறைத் தொட்டபோது சின்னப்பையன் எழுந்து நின்றுவிட்டார். நூறு! முப்பத்தொன்றும் இருபத்தெட்டும் சேர்ந்தால்கூட வராத எண்!

அதுவரை மிஷினே ஆட்டிய பொம்மைதான் அடித்தது; ஆராய்ச்சிக்குக் கேட்டபடி அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முத்தம்மா மறுத்துவிட்டாள், கால் ஒடிந்த மனிதன் மேல், பொம்மையாக இருந்தாலும், கைநீட்ட மாட்டாளாம். அப்போது மனமுவந்து முன்வந்தவள் கீழ்வீட்டு பட்டம்மாள். காலையில் இட்லிக் கடை, பதினொரு மணிக்கு மேல் ஓய்வு. தகுதி: ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் சாம்பாரைப் பற்றிச் சின்னப்பையன் நாலு பேர் முன்னிலையில், "யக்கா, இதுல நீச்சல் அடிக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

"குந்து நைனா" என்று பிடியைக் கையில் எடுத்த பட்டம்மாள், குடை வைத்திருந்த ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுத்தாள். "நீச்சலா அடிக்கலாம்னே நீச்சலு? இந்தா, வானத்துல அடி."

சின்னப்பையன் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் முடிவுகளை எழுதினார். முன்பக்கத்தில் அவருடைய மேஷ ராசிக்கு அன்றைய பலன் ஒரே வார்த்தையில் அச்சாகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தனி ருசி.

முன்பக்கம்: மேஷம் – வெற்றி. பின்பக்கம்: சோதனை 1. அடி வரும் பக்கத்துக்கு எதிராகக் குச்சியை இழுத்தல். 94ல் காலி.

மேஷம் – ஆதாயம். சோதனை 7. குந்திக்கொண்டு அடி வாங்குதல். சின்ன அடிக்குத் தேவலை. பெரிய அடிக்குப் பிரயோஜனம் இல்லை.

மேஷம் – அமைதி. சோதனை 11. கண்ணை மூடிக்கொள்ளுதல். 60.

மேஷம் – பக்தி. சோதனை 12. முத்தம்மா சாமி கும்பிட்டாள். 61. ஒரு மார்க் லாபம்.

பெரிய கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் ஒரு தற்செயல் தேவை. இவருக்குத் தசைப்பிடிப்பு வாய்த்தது. சோதனை இருபத்து மூன்றில், பட்டம்மாளின் குடை ஓங்கும் நேரம் பிளேட்டுக் கால் இழுத்துக்கொள்ள, உடம்பு கோணியது. கட்டைவிரல் குச்சியை மேல்பக்கம் தள்ளிவிட்டது. எப்போதும் நேராகப் பறந்து ஒழிகிற புளிமூட்டை, அன்று வளைந்து, திரையின் மூலைக்குப் போய், அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு மேடைக்கே திரும்பியது.

"இன்னாடா டபாய்க்கிற?" என்றாள் பட்டம்மாள். "செத்த பொணம் திரும்பி வருது!"

"யக்கா, அதே அடி. இன்னொரு தபா அடி."

அதே அடியை நாற்பது தடவை வாங்கினார். விஷயம் உறுதியானது. அடியை எதிர்த்தும் இழுக்கக் கூடாது. அது போகிற போக்கிலேயும் போய்விடக் கூடாது. அதற்குக் குறுக்கே சாய வேண்டும். தாளில் அவர் எழுதியது இரண்டே வார்த்தை: 'தோள் குடு.' துறைமுக வாயிலைக் கடக்கும்போது செல்வநாதன் செய்வது இதைத்தான். அலைக்கு லாஞ்சின் மூக்கையும் காட்ட மாட்டார், முதுகையும் காட்ட மாட்டார், தோளைக் காட்டுவார். இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் சின்னப்பையன். ஏணியில் தொங்கிய அன்றைக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு உண்மைகள் வெளிவந்தன. பறக்கிற பொம்மைக்குக் காற்றிலேயே இன்னொரு தடவை எகிற வரம் உண்டு. அடிபட்டவுடன் பதறி அதைச் செலவழித்தவன் செத்தான்; கடைசிவரை கையில் வைத்திருந்தவன் வந்தான். 'ரெண்டாம் எகிறல் – அவசரப்படாதே' என்று எழுதினார். இன்னொன்று, மேடையின் சுவரில் மோதுகிற அதே நொடியில் ஒரு பட்டனை அமுக்கினால் பொம்மை தெறிக்காமல் ஒட்டிக்கொண்டது. முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. இது கைக்கு வர ஒரு மாசமும் பட்டம்மாளின் பொறுமையும் ஆயின. அவளோ பொறுமையே தேவையில்லாத ஆளாக இருந்தாள். அடிப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆர்வம்.

மாசி மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை, பிளாக்கில் பாதிப் பேர் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, புளிமூட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு பர்சென்ட் எடுத்தது. முந்நூற்றுப் பதிமூன்றைப் பார்க்காமல் பாதாளம் போனது. கைதட்டல் அடங்க நேரமானது. அந்தத் தாள் சாமி படத்தின் பின்னால் சொருகப்பட்டது. மறுநாள் பட்டம்மாள் அவர் இட்லிக்கு இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றினாள், கெட்டியாக இருந்தது.

ஆனால் ஸ்டூலில் மட்டும் அவர் இன்னும் ஏறவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை செல்வநாதன் வந்தார். நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"மாமு, அந்த ஜப்பான் கப்பலு வந்துகீது. செவ்வாக்கெழம காலைல சப்ளை. உன் தோஸ்து ஒயர்லெஸ்ல கேட்டான், ஸ்மால் பாய் எப்படி கீறான்னு."

சின்னப்பையனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் வாடியது.

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. செவ்வாக்கெழம நீ ஏறினா கலாசி. ஏறலன்னா குடோன்ல வாட்ச்மேன். நாற்காலி குடுப்பாங்க, டார்ச்சு குடுப்பாங்க. இன்னா சொல்ற?"

"ஏறுவேண்ணா. காலு நல்லா கீது."

"காலப் பத்தி யாருடா கேட்டாங்க?" என்றார் செல்வநாதன். போய்விட்டார்.

நாற்காலியும் டார்ச்சும் மோசமான விஷயங்கள் அல்ல. ஆனால் குடோனில் உட்கார்ந்துகொண்டு கடலில் நிற்கிற ஒரு மனிதனுக்குத் தேங்க்ஸ் சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒயர்லெஸ்ஸில் சொல்ல ஸ்ராங்கிடம் சொல்லியனுப்பலாம். அது மைக்கில் பெண் கேட்பது மாதிரி. முத்தம்மா கேள்வி எதுவும் கேட்காமல் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கிளற ஆரம்பித்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, மஞ்சப்பையில் போட்டு, ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை திலீப், ரிப்பேருக்கு வந்த பெரிய டிவி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லா நாட்டுக் கலரும் எடுக்குமாம். சின்னப்பையனுக்குத் தைரியம் ஊட்டுவதாக நினைத்துச் செய்த உதவி.

"முந்நூத்திப் பன்னெண்ட கலர்ல பாருணா. ஷோக்கா இருக்கும்."

புளிமூட்டை ஊதா நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. பட்டம்மாள் அடிக்கத் தொடங்கினாள். எண் வெள்ளையாக இருந்தது. நாற்பதில் மஞ்சள். எழுபதில் ஆரஞ்சு. நூறைத் தாண்டியதும் சிவந்தது. நூற்றைம்பதில் ரத்தம் மாதிரி சிவந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போன யாருக்கும் சிவப்பில் எழுதிய மார்க்குக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ணா..." என்றான் திலீப், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அது மார்க்கு இல்ல போல கீதுணா. அடி. எத்தினி அடி வாங்கி ஒடம்பு டேமேஜு ஆய்கீதுன்னு காட்டுது. ஏற ஏற ஜாஸ்தி தூரம் பறப்ப. அதான் செவப்பு."

எட்டு மாசமாகச் சேர்த்தது மார்க் இல்லை, காயம். வெற்றி என்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தது மெடிக்கல் ரிப்போர்ட். சின்னப்பையன் பிடியைக் கீழே வைத்தார்.

முதலில் சுதாரித்தவள் பட்டம்மாள். "அப்போ முந்நூத்திப் பன்னெண்டு நான் குடுத்த அடியா?"

"ஆமாக்கா" என்றான் திலீப்.

"அப்போ அந்த மார்க்கு என்னுதுடா! அடிச்சவ நானு, பேரு இவனுக்கா? எட்டு மாசமா இட்லிக் கையோட வந்து ஒழச்சிகீறேன்!"

"வாங்கினது நாந்தானக்கா?"

"வாங்கறதுக்கு இன்னா தெறமை வேணும்? சும்மா நின்னா போதும்!"

"நின்னாரு இல்ல?" என்றாள் முத்தம்மா சமையலறையிலிருந்து. "சும்மா எவன் நிக்கறான்?"

சின்னப்பையன் சிரித்துவிட்டார். வழக்கு இப்படி முடிந்தது: அடி பட்டம்மாளுக்கு, நிற்பு சின்னப்பையனுக்கு, ஆளுக்குப் பாதி. ஆனால் மறுபடி விளையாட உட்கார்ந்தபோது அசம்பாவிதம் நடந்தது. எண் சிவந்தவுடன் அவர் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. எண்பத்தெட்டில் விழுந்தார். அடுத்து எழுபத்தொன்று. அடுத்து நாற்பது. பட்டம்மாளும் கெட்டுப்போனாள், காயம் என்று தெரிந்த பிறகு அவள் குடை பூப்போல விழுந்தது. "மனசு வரலடா" என்றாள். அந்தப் பூவுக்கும் அவர் விழுந்தார். உள்ளங்கை வியர்த்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்த முத்தம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்துக் காலண்டர் அட்டையைக் கழற்றினாள். அதில் முருகன் வேலோடு நின்றுகொண்டிருந்தார். திரையின் அடிப்பாகத்தை மறைத்து அட்டையைச் சாய்த்து வைத்தாள். எண் மறைந்தது. மேடை மட்டும் தெரிந்தது.

"இப்போ அடிக்கா. சாம்பார நெனச்சிகினு அடி."

பட்டம்மாளுக்கு அது போதும். குடை சுழன்றது. புளிமூட்டை பறந்தது, சாய்ந்தது, மூலைக்குப் போய் வந்தது, சுவரில் ஒட்டியது, இரண்டாம் எகிறலைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து எழும்பியது. அடுப்பில் அரிசி வெந்து வடிக்கிற வரைக்கும் விழவில்லை. எத்தனை பர்சென்ட் என்று பார்க்க திலீப் முருகனை நகர்த்தப் போனான். முத்தம்மா அவன் கையில் ஒரு போடு போட்டாள். அந்த எண் இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாளில் சின்னப்பையன் எழுதியது: 'சோதனை 211. எண்ணைப் பார்க்காதே.' முன்பக்கம்: மேஷம் – பயம்.

செவ்வாய்க்கிழமை காலை, மஞ்சப்பையைக் கழுத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு லாஞ்சின் முகப்பில் நின்றார். கப்பல் இந்தத் தடவை இலேசாக வந்திருந்தது. சிவப்பு வயிறு அதிகமாகத் தெரிந்தது. வெள்ளை எண்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் அவற்றுக்கு முன்னால் மனசுக்குள் ஒரு காலண்டர் அட்டையைச் சாய்த்து வைத்தார். முருகனுக்கும் கடல் புதிதல்லவே.

"அலை தூக்கறப்போ தாவு!" என்று கத்தினார் செல்வநாதன்.

தாவினார். ஏணி கைக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று படி. பாதியில் கப்பல் சாய, ஏணி விலகி ஆடியது. உடம்பு முழுக்க மறுபக்கம் இழுக்கச் சொன்னது. அவர் இழுக்கவில்லை, தோளைக் கொடுத்தார். ஏணி வளைந்து அவரைச் சுமந்துகொண்டு போய்த் திரும்பியது. இரும்புச் சுவர் வந்தது. முந்தாமல் பிந்தாமல் உள்ளங்காலைப் பதித்தார், தெறிக்காமல் ஒட்டினார். உடனே பதறி மேலே ஓடவும் இல்லை. ஒரு மூச்சு நின்றார். ரெண்டாம் எகிறல். அவசரப்படாதே. பிறகு ஏறினார். கீழே செல்வநாதன் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை இல்லை, ஆனால் சந்தோஷமாகச் சொன்னார்.

மேலே நெஸ்டர் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துத் தட்டுக்குள் இழுத்தார். "ஸ்மால் பாய்! லெக் குட்?"

"குட். தேங்க்ஸ்." எட்டு மாசம் மனப்பாடம் செய்த வார்த்தை ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. போதாது என்று தோன்றியது. மஞ்சப்பையைக் கொடுத்தார். அதுவும் போதாது என்று தோன்றியது. தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, கட்டைவிரல்களை ஆட்டிக் காட்டி, "கேம். மீ. த்ரீ ஹண்ட்ரட் ட்வெல்வ்" என்றார்.

நெஸ்டர் கண்ணை உருட்டினார். "த்ரீ ஹண்ட்ரட்? டெட்?"

"நோ டெட். த்ரீ ஹண்ட்ரட் ட்வெல்வ், ஸ்டேண்டிங்."

நெஸ்டர் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். நாலு பேர் வந்து சின்னப்பையனைச் சுற்றி நின்று, தலையிலிருந்து பிளேட்டுக் கால் வரைக்கும் பார்த்தார்கள். தன்னால் நூற்று எண்பதுக்கு மேல் ஒருநாளும் நிற்க முடிந்ததில்லை என்று நெஸ்டர் விரல்களால் சொன்னார். அந்த எண் காயம் என்று தெரிந்த, தெரிந்தும் அதை மார்க்காகவே மதித்த முதல் ஆட்கள் அவர்கள். நெஸ்டர் பாட்டிலைத் திறந்து தொக்கை விரலால் தொட்டு நக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமாகவும் இருக்கலாம்.

கோஸ் மூட்டைகள் ஏறின. சின்னப்பையன் இறங்கினார். இறங்குவது ஏறுவதைவிடச் சிரமம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதை அவர் அன்று கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கு பட்டம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நடந்ததையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். நாலு பேர் சுற்றி நின்று பார்த்ததைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அடிச்சது யாருன்னு சொன்னியா?"

சின்னப்பையன் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்கப் போனார்.

"சொல்லலியா? முந்நூத்திப் பன்னெண்டுல பாதி என்னுதுன்னு பஞ்சாயத்து ஆச்சே, அதச் சொல்லலியா? என் பேர சொல்லலியாடா நீ?"

"அடுத்த தபா கப்பலு வரப்போ சொல்றேன் யக்கா."

"வாட்ச்மேனா போய்க் குந்திகினு சொல்லுவியா?"

"மேல ஏறிச் சொல்றேன்."

அந்தக் கப்பல் அடுத்து வர ஏழு மாசம் ஆனது. அதுவரைக்கும் வந்த எல்லாக் கப்பலிலும், எந்தத் தேசத்துக்காரராக இருந்தாலும், மேல்தட்டில் கால் வைத்தவுடன் சின்னப்பையன் முதலில் பட்டம்மாள் என்ற பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மூட்டைக் கயிற்றைத் தொட்டார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான். கூடத்து பல்பு அந்த ஐப்பசியில் மறுபடி போனது. முத்தம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.